கண்டப் பெயர்ச்சி பள்ளிக்கு வந்த வரலாறு

கண்டங்கள் ஒரு காலத்தில் ஒன்றாக இணைந்திருந்து, பின்னர் பிரிந்து நகர்ந்து இன்றைய இடங்களை அடைந்தன என்ற கருத்து கண்டப் பெயர்ச்சி எனப்படுகிறது. கண்ட நகர்வு என்றும் இதைக் குறிப்பிடுவர். புவியின் உள்ளமைப்பு மேலோடு, கவசம், கருவம் என மூன்றாகப் பகுக்கப்படுகிறது. இன்று இவ்விரண்டும் உயர்நிலைப் பள்ளிப் புவியியல் பாடத்தின் தொடக்கத்திலேயே இடம்பெறுகின்றன. மாணவர் இவற்றை ஐயத்துக்கு இடமற்ற உண்மைகளாகக் கற்று, படம் வரைந்து, பெயர் குறித்துத் தேர்வு எழுதுகின்றனர்.

ஆயினும் இந்தப் பாடம் வகுப்பறைக்கு எளிதில் வந்ததன்று. கண்டப் பெயர்ச்சி 1912இல் முன்வைக்கப்பட்டது. புவியியலாளரில் பெரும்பான்மையோர் அதை ஏற்க 1960களின் இறுதி வரை ஆயிற்று. ஏற்கப்பட்டபின் பாடநூல்களில் விரைவாக நுழைந்தது. ஆனால் முடிவுகளே நுழைந்தன, அம்முடிவுகளுக்கு இட்டுச்சென்ற கேள்விகளும் சான்றுகளும் பெரும்பாலும் வெளியே நின்றுவிட்டன. வகுப்பறைகளில் இன்றும் நிலவும் சில பிழையான புரிதல்களுக்கு இதுவே முதன்மையான காரணம்.

சுருங்கும் பூமி

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பிய மாணவர் கற்ற பூமி அசையாத கண்டங்களைக் கொண்டது. தொடக்கத்தில் உருகிய நிலையில் இருந்த பூமி மெல்லக் குளிர்ந்து சுருங்குகிறது என்றும், வாடும் ஆப்பிளின் தோல் சுருங்குவதுபோல் அதன் மேற்பரப்பு மடிந்து மலைகளாகிறது என்றும் விளக்கப்பட்டது. இவ்விளக்கத்துக்கு முழு வடிவம் தந்தவர் ஆஸ்திரியப் புவியியலாளர் எடுவார்ட் சூயஸ். பூமியின் முகம் என்ற பொருள்படும் தலைப்பில் அவர் எழுதிய பெருநூல் 1880களில் தொடங்கி 1909 வரை பல பகுதிகளாக வெளிவந்தது.

சூயஸ் ஒரு சிக்கலை எதிர்கொள்ள வேண்டியிருந்தது. குளோசாப்டெரிஸ் என்னும் நாக்கு வடிவ இலை கொண்ட தொல்தாவரத்தின் புதைபடிவங்கள் இந்தியா, ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா, ஆஸ்திரேலியா ஆகிய நிலப்பகுதிகளில் கிடைத்தன. இந்திய நிலக்கரிப் படுகைகளில் அவை ஏராளம். பெருங்கடல்களால் பிரிக்கப்பட்ட நிலங்களில் ஒரே தாவரம் எப்படி வாழ்ந்தது என்ற கேள்விக்கு, இந்நிலங்களை இணைத்திருந்த பரந்த நிலப்பரப்பு ஒன்று பின்னர் கடலில் மூழ்கிவிட்டது என்று அவர் விடை கூறினார். அந்நிலப்பரப்புக்குக் கோண்டுவானாலாந்து என்று பெயரிட்டார். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ஹென்றி மெட்லிகாட் மத்திய இந்தியப் பாறை அடுக்குகளுக்கு 1870களில் வழங்கிய பெயர் அது. கோண்டு பழங்குடியினர் வாழும் நிலம் என்பது அதன் பொருள். உலகெங்கும் பள்ளிப் பிள்ளைகள் உச்சரிக்கும் ஒரு பெருங்கண்டத்தின் பெயர் இந்தியப் பழங்குடி ஒன்றிலிருந்து இவ்வாறு பிறந்தது.

கோண்டுவானாவுக்குச் சற்று முன்னர், 1864இல், பிலிப் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் இதே முறையில் மற்றொரு நிலத்தைக் கற்பித்திருந்தார். மடகாஸ்கரில் லெமூர்கள் நிறைந்திருந்தன. அவற்றின் உறவினமான தேவாங்கு தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழ்ந்தது. இடையே இந்தியப் பெருங்கடல். இவற்றை இணைத்த ஒரு கண்டம் இருந்து மறைந்திருக்க வேண்டும் என்று கருதிய ஸ்கிளேட்டர் அதற்கு லெமூரியா என்று பெயர் சூட்டினார்.

கோண்டுவானாலாந்தும் லெமூரியாவும் அக்காலத்து அறிவியலின் முறையான கருதுகோள்களே. கண்டங்கள் நகரா என்று கொண்டால் நிலம் மூழ்கியது என்பதைத் தவிர வேறு விளக்கம் கிடைப்பது அரிது.

மலையின் அடியில் என்ன

நிலம் மூழ்கியது என்ற விளக்கத்தை அசைத்த சான்றும் இந்தியாவிலிருந்தே கிடைத்தது. வில்லியம் லாம்டன் 1802ஆம் ஆண்டு சென்னைப் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய நில அளவை, பின்னாளில் ஜார்ஜ் எவரெஸ்ட் தலைமையில் இமயமலை அடிவாரம் வரை நீண்டது. கலியாணா, கலியாண்பூர் ஆகிய இரு நிலையங்களுக்கு இடைப்பட்ட தொலைவை நில அளவை வழியாகவும் விண்மீன்களைக் கொண்டும் கணக்கிட்டபோது, இரு விடைகளும் சுமார் 5 வினாடிக் கோண அளவுக்கு மாறுபட்டன. இமயமலையின் ஈர்ப்பு தூக்குக்குண்டைத் தன்பால் இழுத்ததே காரணம் என்று கருதப்பட்டது.

கல்கத்தாவில் கிறித்தவ சமயப் பணியில் இருந்த ஜான் பிராட் இந்த ஈர்ப்பைக் கணக்கிட்டார். அவ்வளவு பெரிய மலை தூக்குக்குண்டைச் சுமார் 15 வினாடி இழுத்திருக்க வேண்டும் என்று விடை வந்தது. உண்மையில் இழுத்தது அதில் மூன்றில் ஒரு பங்கே. 1855இல் ஜார்ஜ் ஏரி இதற்கு விளக்கம் தந்தார். கடலில் மிதக்கும் பனிப்பாறைக்கு நீருக்கடியில் பெரும்பகுதி இருப்பதுபோல, மலைக்கும் அடியில் எடை குறைந்த பாறையாலான ஆழ்ந்த வேர் உண்டு என்பது அவரது கருத்து. பிராட்டும் தம் வழியில் வேறொரு விளக்கம் கூறினார். இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே. கண்டங்கள் எடை குறைந்த பாறையாலானவை, எடை மிகுந்த பாறையின்மேல் சமநிலையில் நிற்பவை. பின்னாளில் இது புவிச்சமநிலை எனப்பட்டது.

இதன் விளைவு தெளிவானது. கட்டையை நீரில் அமிழ்த்தினால் அது மேலெழும். அதுபோல எடை குறைந்த ஒரு முழுக் கண்டமும் அடர்ந்த கடற்தளப் பாறைக்குள் மூழ்கி மறைய இயலாது. நிலம் மூழ்கவில்லை என்றால் ஒரே தாவரமும் விலங்கும் இரு கரைகளிலும் எப்படி வந்தன? இக்கேள்விக்கு விடை தேடியவர்களுள் ஒருவர்தான் ஆல்ஃபிரட் வெகெனர்.

வெகெனரின் கிழிந்த தாள்

வெகெனர் 1880இல் பெர்லினில் பிறந்தவர். வானியலில் முனைவர் பட்டம் பெற்று, வானிலையியலில் பணியாற்றியவர். மார்புர்க் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்தபோது, 1910இல், உலகப் படத்தில் அட்லாண்டிக்கின் இரு கரைகளும் ஒன்றோடொன்று பொருந்துவதைக் கவனித்தார். இதை அவருக்கு முன்பே கண்டவர்கள் உண்டு. 1596இல் நிலப்பட வல்லுநர் ஆபிரகாம் ஓர்டெலியஸ் அமெரிக்கா ஐரோப்பாவிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் பிய்த்தெறியப்பட்டது என எழுதினார். 1858இல் அந்தோனியோ ஸ்னைடர் பெலெக்ரினி மூடிய அட்லாண்டிக்கைப் படமாகவே வரைந்தார். வெகெனர் அவர்களிடமிருந்து வேறுபட்டது சான்றுகளைத் தொகுத்ததில்தான்.

1912 ஜனவரி 6ஆம் நாள் பிராங்பர்ட்டில் நடந்த புவியியலாளர் கூட்டத்தில் அவர் தம் கருத்தை முதலில் முன்வைத்தார். 1915இல் கண்டங்கள், பெருங்கடல்கள் ஆகியவற்றின் தோற்றம் பற்றிய நூலை வெளியிட்டார். முதல் உலகப் போரில் காயமுற்று ஓய்வில் இருந்த காலத்தில் எழுதப்பட்ட சிறு நூல் அது. 1929இல் வந்த நான்காம் பதிப்பு வரை தொடர்ந்து விரிவுபடுத்தினார்.

கரைகளின் வடிவம் மட்டும் போதாது என்பதை வெகெனர் அறிந்திருந்தார். கிழிந்த செய்தித்தாளை ஒட்டவைப்பதை உவமையாகக் கூறினார். கிழிந்த ஓரங்கள் பொருந்துவது ஒரு தொடக்கம்தான். அச்சிட்ட வரிகளும் ஒரு துண்டிலிருந்து மறு துண்டுக்குத் தொடர்ந்து ஓடினால் அவை ஒரே தாள் என்பதில் ஐயம் இல்லை. அந்த அச்சு வரிகளாக அவர் காட்டியவை இவை: தென் ஆப்பிரிக்காவிலும் பிரேசிலிலும் கிடைக்கும் மெசோசாரஸ் என்னும் சிறு ஊர்வன; குளோசாப்டெரிஸ் தாவரம்; அட்லாண்டிக்கின் இரு பக்கமும் தொடரும் பழைய மலைத்தொடர்கள்; பழங்காலப் பனியாறுகளின் தடங்கள்.

பனியாற்றுத் தடங்களில் இந்தியாவுக்கு முதன்மையான இடம் உண்டு. 1856இல் ஒடிசாவின் தால்சேர் பகுதியில் பிளான்ஃபோர்டு சகோதரர்களும் வில்லியம் தியோபால்டும், பனி சுமந்து வந்ததாகக் கருதத்தக்க பாறைக் குண்டுகளின் படுகையைக் கண்டனர். வெயில் கொளுத்தும் ஒடிசாவில் பனிப்படலம் இருந்தது எப்படி? இந்தியா அப்போது இன்றைய இடத்தில் இல்லை, தென்துருவத்தை ஒட்டி இருந்தது என்று கொண்டால் புதிர் அவிழ்கிறது.

வெகெனர் தம் கொள்கையின் வெற்றியைக் காணவில்லை. 1930 நவம்பரில் கிரீன்லாந்துப் பனிப்பரப்பின் நடுவிலிருந்த ஆய்வு நிலையத்துக்குப் பொருள்கள் கொண்டுசென்று திரும்பும் வழியில் இறந்தார். அடுத்த ஆண்டு மே மாதத்தில் அவரது உடல் கண்டெடுக்கப்பட்டது.

இரு பாடநூல்கள்

வெகெனரை எதிர்த்தவர்கள் அறியாமையால் எதிர்த்தவர்கள் அல்லர். கண்டங்களை நகர்த்தும் விசை எது என்ற கேள்விக்கு வெகெனரிடம் போதுமான விடை இல்லை. பூமியின் சுழற்சியும் கடல் அலையேற்றமும் தரும் விசைகளை அவர் சுட்டினார். 1924இல் பூமி என்ற தலைப்பில் நூல் வெளியிட்ட கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹரால்ட் ஜெஃப்ரீஸ், அவ்விசைகள் தேவையானதைவிட மிக மிகச் சிறியவை என்று காட்டினார். அக்கணக்கில் பிழை இல்லை. கிரீன்லாந்து ஆண்டுக்குப் பல மீட்டர் நகர்வதாக வெகெனர் காட்டிய அளவீடுகளும் பின்னர் தவறெனத் தெரிந்தன. 1926இல் நியூயார்க்கில் நடந்த கருத்தரங்கில் அமெரிக்கப் புவியியலாளர் பலர் இக்கொள்கையைக் கடுமையாக மறுத்தனர். அதன்பின் அந்நாட்டு வகுப்பறைகளில் கண்டப் பெயர்ச்சி, குறிப்பிடப்பட்டாலும், கைவிடப்பட்ட கருத்தாகவே குறிப்பிடப்பட்டது.

ஆங்கிலேயரான ஆர்தர் ஹோம்ஸ் வேறு வழியில் சிந்தித்தார். பாறைகளின் கதிரியக்கத்தைக் கொண்டு அவற்றின் வயதைக் கணிப்பதில் முன்னோடி அவர். கதிரியக்க வெப்பத்தால் கவசத்தில் மிக மெதுவான வெப்பச்சலனம் நிகழ்கிறது என்றும், அது கண்டங்களைச் சுமந்து செல்லக்கூடும் என்றும் 1920களின் இறுதியிலேயே கூறினார். 1944இல் மாணவர்களுக்காக எழுதிய இயற்பியல் புவியியல் பாடநூலின் இறுதி அதிகாரத்தில் கண்டப் பெயர்ச்சியையும் வெப்பச்சலனத்தையும் படத்துடன் சேர்த்தார். இது இன்னும் ஊகமே என்ற எச்சரிக்கையுடனேயே அவர் எழுதினார். தென் ஆப்பிரிக்காவில் அலெக்சாண்டர் டு டாய்ட் 1937இல் வெளியிட்ட நூலை வெகெனருக்குக் காணிக்கையாக்கினார்.

ஆகவே 1950இல் ஒரு மாணவர் கண்டப் பெயர்ச்சியைப் பற்றி என்ன கற்றார் என்பது அவர் எந்த நாட்டில், எந்த நூலைப் படித்தார் என்பதைப் பொறுத்தது.

நிலநடுக்கம் திறந்த வழி

கண்டங்களைப் பற்றிய விவாதம் நடந்த அதே காலத்தில், பூமியின் உள்ளமைப்பு தனி வழியில் வெளிப்பட்டது. பூமியின் மையம் 6,371 கி.மீ ஆழத்தில் உள்ளது. மனிதர் தோண்டிய மிக ஆழமான துளை, ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் உள்ளது, 12,262 மீட்டர் மட்டுமே. எஞ்சிய எதையும் எவரும் நேரில் கண்டதில்லை. நிலநடுக்க அலைகளே அதைக் காட்டின.

1897 ஜூன் 12ஆம் நாள் அசாமில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் ரிச்சர்ட் ஓல்டாம் அதை ஆராய்ந்தார். தொலைவிலுள்ள ஐரோப்பியக் கருவிகளின் பதிவுகளில் மூன்று வகை அலைகள் தனித்தனியே வந்து சேர்வதை அடையாளம் கண்டார். முதன்மை அலை விரைவாகவும், இரண்டாம் அலை அதன் பின்னும், மேற்பரப்பு அலை இறுதியிலும் வந்தன. 1906இல், பூமியின் நடுவே அலைகளைத் தாமதப்படுத்தும் ஒரு கருவம் உள்ளது என்று அவர் அறிவித்தார்.

1909இல் குரோவேசியாவில் ஏற்பட்ட நிலநடுக்கத்தை ஆராய்ந்த ஆந்த்ரியா மொகரோவிசிச், மேலோட்டுக்கும் கவசத்துக்கும் இடையிலான எல்லையைக் கண்டார். சில ஆண்டுகளில் பெனோ குட்டன்பர்க் கருவத்தின் எல்லை சுமார் 2,900 கி.மீ ஆழத்தில் இருப்பதைக் கணித்தார். நீர்மத்தின் வழியே செல்ல இயலாத இரண்டாம் அலைகள் கருவத்தைக் கடக்கவில்லை என்பது அது உருகிய நிலையில் உள்ளதைக் காட்டியது.

முழுக் கருவமும் நீர்மம் அன்று என்பதைக் கண்டவர் டென்மார்க்கைச் சேர்ந்த இங்கே லேமன். 1929இல் நியூசிலாந்தில் ஏற்பட்ட நிலநடுக்கத்தின் அலைகள், வரக்கூடாத இடங்களில் பதிவாகியிருந்தன. கருவத்துக்குள் மற்றொரு கருவம் இருந்து அலைகளைத் திருப்பினால்தான் இது நிகழும் என்று 1936இல் அவர் காட்டினார். லேமன் படித்த கோபன்ஹேகன் பள்ளியில் ஆண்களும் பெண்களும் ஒரே பாடங்களை ஒரே முறையில் கற்றனர். அதை நடத்தியவர் இயற்பியலாளர் நீல்ஸ் போரின் அத்தை ஹன்னா ஆட்லர். பள்ளிக்கு வெளியே உலகம் அவ்வாறு இல்லை என்பதைப் பின்னர்தான் உணர்ந்ததாக லேமன் நினைவுகூர்ந்திருக்கிறார்.

கடற்தளத்தின் சான்று

கண்டப் பெயர்ச்சியை மீட்டது கடற்தள ஆய்வு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கப்பல்கள் ஒலி அலைகளால் கடலின் ஆழத்தை அளந்தன. நியூயார்க்கில் மேரி தார்ப் அந்த அளவுகளைப் படமாக வரைந்தபோது, அட்லாண்டிக்கின் நடுவே ஓடும் மலைத்தொடரின் உச்சியில் ஆழ்ந்த பிளவு ஒன்று தொடர்ந்து வருவதைக் கண்டார். கண்டப் பெயர்ச்சிக்கு இடம் தரும் கருத்து என்பதால் அவருடன் பணியாற்றிய புரூஸ் ஹீசன் முதலில் அதைப் புறந்தள்ளினார். நிலநடுக்க மையங்கள் அதே பிளவில் வரிசையாக அமைவதைக் கண்டபின் ஏற்றார்.

1962இல் ஹாரி ஹெஸ், நடுக்கடல் மலைத்தொடர்களில் புதிய கடற்தளம் உருவாகி இரு பக்கமும் விலகுகிறது என்று எழுதினார். அடுத்த ஆண்டு கேம்பிரிட்ஜைச் சேர்ந்த பிரெட் வைன், டிரம்மண்ட் மேத்யூஸ் இருவரும் இதற்குச் சான்று முன்வைத்தனர். பூமியின் காந்தப்புலம் அவ்வப்போது திசை மாறுகிறது. உருகி வெளிவரும் பாறை குளிரும்போது அப்போதைய காந்தத் திசையைத் தன்னுள் பதித்துக்கொள்கிறது. எனவே மலைத்தொடரின் இரு பக்கமும் ஒத்த காந்தப் பட்டைகள் அமைய வேண்டும். அவர்கள் ஆராய்ந்த முதன்மையான தரவுகள், 1962இல் இந்தியப் பெருங்கடலின் வடமேற்கில் கார்ல்ஸ்பெர்க் மலைத்தொடரில் அளக்கப்பட்டவை.

நூறு ஆண்டுகளுக்கு முன் ஸ்கிளேட்டர் லெமூரியாவை வைத்த கடல் இதுவே. மூழ்கிய கண்டம் இருந்திருக்க வேண்டும் என்று கருதப்பட்ட இடத்தின் அடியில், புதிதாக விரிந்துவரும் கடற்தளம் இருந்தது. இந்தியாவும் மடகாஸ்கரும் ஒரு பாலத்தால் இணைந்திருக்கவில்லை, ஒன்றையொன்று ஒட்டியே இருந்தன. சுமார் 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தன.

1965இல் எட்வர்ட் புல்லார்டும் உடன் பணியாற்றியோரும், கரைக்கோட்டை விடுத்துக் கண்டச் சரிவின் விளிம்பைக் கொண்டு, கணினி உதவியால் அட்லாண்டிக்கின் இரு பக்கங்களையும் பொருத்திக் காட்டினர். அதே ஆண்டு கனடாவின் துசோ வில்சன் பூமியின் மேற்பரப்பு சில பெரிய தட்டுகளாகப் பிரிந்துள்ளது என்ற கருத்தை வகுத்தார். 1967, 1968 ஆண்டுகளில் ஜேசன் மார்கன், டான் மெக்கென்சி, சேவியர் லெ பிஷோன் ஆகியோர் புவித்தட்டு இயக்கக் கோட்பாட்டை முழுமைப்படுத்தினர். 1969 டிசம்பரில் அண்டார்டிகாவில் லிஸ்ட்ரோசாரஸ் புதைபடிவம் கிடைத்தது. தென் ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் முன்பே அறியப்பட்ட அந்த நில விலங்கு பெருங்கடலை நீந்திக் கடந்திருக்க முடியாது.

பள்ளிக்குள் நுழைவு

1957இல் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியபின் அமெரிக்கா பள்ளி அறிவியலைச் சீரமைக்கப் பெருந்தொகை செலவிட்டது. அதன் ஒரு பகுதியாக 1960களில் உருவான புவி அறிவியல் பாடத்திட்டம் 1967இல் ஒன்பதாம் வகுப்புக்கான பாடநூலாக வெளிவந்தது. பாறைகளின் பெயர்களை மனப்பாடம் செய்வதற்கு மாறாக, மாணவர் தாமே அளந்தும் ஒப்பிட்டும் அறிய வேண்டும் என்பது அதன் அணுகுமுறை. அதே ஆண்டு அக்டோபரில் நேஷனல் ஜியாக்ரஃபிக் இதழ், ஹீசனும் தார்ப்பும் தந்த தரவுகளைக் கொண்டு ஓவியர் ஹைன்ரிக் பெரான் தீட்டிய இந்தியப் பெருங்கடல் தளப் படத்தை வெளியிட்டது. கடலுக்கடியில் மலைத்தொடர்கள் ஓடுவதை வீட்டிலும் பள்ளியிலும் இருந்த பிள்ளைகள் முதன்முதலாகக் கண்டனர். துசோ வில்சன் பின்னர் டொராண்டோவில் உள்ள அறிவியல் மையத்தின் தலைமைப் பொறுப்பேற்று, பிள்ளைகள் தொட்டு இயக்கிக் கற்கும் காட்சிக்கூடத்தை நடத்தினார்.

1970களிலும் அதன் பின்னும் பல நாடுகளின் பள்ளி நூல்களில் புவித்தட்டுகள் இடம்பெற்றன. எல்லா நாடுகளிலும் இது ஒரே வேகத்தில் நிகழவில்லை. சோவியத் ஒன்றியத்தில் விளாதிமீர் பெலோசோவ் போன்ற செல்வாக்குள்ள அறிஞர்கள் நீண்ட காலம் எதிர்த்தனர். ஐம்பது ஆண்டுகள் மறுக்கப்பட்ட கருத்து ஒரு தலைமுறைக்குள் கட்டாயப் பாடமாயிற்று. நிலையான கண்டங்களைக் கற்று ஆசிரியரானவர்கள், நகரும் கண்டங்களைக் கற்பிக்க வேண்டியதாயிற்று.

தங்கிவிட்ட பிழைகள்

இந்த விரைவான மாற்றத்தில் சில பழைய கருத்துகள் நீங்காமல் புதிய பாடத்துடன் கலந்தன.

முதலாவது, கண்டங்கள் உருகிய பாறைக்குழம்பின்மேல் மிதக்கின்றன என்பது. எரிமலைக் குழம்பின் படங்களைப் பார்க்கும் மாணவர் மேலோட்டின் கீழே எங்கும் தீக்குழம்பு இருப்பதாகவே எண்ணுகின்றனர். இரண்டாம் அலைகள் கவசத்தின் வழியே செல்வதால் அது திண்மம் என்பது நூறு ஆண்டுகளாகத் தெரிந்த செய்தி. மிகுந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் திண்மப் பாறையே பல இலட்சம் ஆண்டுகளில் மெல்ல ஒழுகுகிறது. உருகிய குழம்பு சில இடங்களில், சிறு அளவிலேயே உருவாகிறது. புவியின் அடுக்குகளில் முழுமையாக நீர்மமாக உள்ளது வெளிக்கருவம் மட்டுமே.

இரண்டாவது, சியால், சிமா, நைஃப் ஆகிய பகுப்பு. சிலிக்கன், அலுமினியம் முதலிய தனிமங்களின் பெயர்களைச் சுருக்கி சூயஸ் வழியே வந்த சொற்கள் இவை. அவற்றின் பின்னணியில் இருந்த சுருங்கும் பூமி கைவிடப்பட்டது. சொற்கள் தேர்வுத் தாளில் தங்கிவிட்டன. புவித்தட்டு என்பது மேலோடு மட்டுமன்று, கவசத்தின் மேற்பகுதியையும் சேர்த்தது என்ற செய்தி இப்பகுப்பில் மறைந்துபோகிறது.

மூன்றாவது, தமிழ் வகுப்பறைக்கே உரியது. ஸ்கிளேட்டரின் லெமூரியா 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தமிழறிஞர்களை எட்டியது. கடல்கொண்ட நிலம் பற்றித் தமிழ் இலக்கியங்களிலும் உரைகளிலும் உள்ள குறிப்புகளுடன் அது இணைக்கப்பட்டு, குமரிக்கண்டம் என்ற கருத்தாக வளர்ந்தது. 20ஆம் நூற்றாண்டில் தமிழ்ப் பாடநூல்கள் பலவற்றில் இது வரலாறாக இடம்பெற்றது. இதன் வரலாற்றைச் சுமதி ராமசாமி 2004இல் வெளியிட்ட ஆங்கில நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். புவியியலாளர் சு. கி. ஜெயகரன் குமரி நில நீட்சி என்ற தமிழ் நூலில் புவியியல் சான்றுகளைக் கொண்டு இக்கருத்தை மதிப்பிட்டுள்ளார்.

இதன் விளைவாக ஒரே மாணவர் புவியியல் பாடத்தில் கோண்டுவானா பிரிந்து இந்தியா வடக்கே நகர்ந்தது என்று கற்கிறார். வேறொரு இடத்தில் இந்தியாவுக்குத் தெற்கே ஒரு கண்டம் மூழ்கியது என்று கேட்கிறார். முன்னது பின்னதை நீக்க எழுந்த விளக்கம் என்பதை அவருக்கு எவரும் சொல்வதில்லை. கடல்கோள் பற்றிய இலக்கிய நினைவைப் பொய் என்று தள்ளவும் தேவையில்லை. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனியூழியின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றையதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. இந்தியாவும் இலங்கையும் நிலத்தால் இணைந்திருந்தன, குமரி முனைக்கு அப்பாலும் கரை நீண்டிருந்தது. பனி உருகக் கடல் ஏறி அந்நிலத்தை மூடியது. மூழ்கியது கரையோர நிலம். மடகாஸ்கர் வரை பரந்த கண்டம் அன்று.

சான்றைக் கற்பித்தல்

இப்பாடத்தின் சிறப்பு, அதன் சான்றுகளில் பலவற்றை எளிய பொருள்களைக் கொண்டு வகுப்பறையிலேயே செய்து பார்க்க முடியும் என்பது. வெகெனரின் செய்தித்தாள் உவமை அப்படியே ஒரு செயல்பாடு. ஒரு தாளைக் கிழித்து, ஒரு குழுவுக்கு அச்சில்லாத வெறும் பக்கத்தையும், மற்றொரு குழுவுக்கு அச்சிட்ட பக்கத்தையும் காட்டிப் பொருத்தச் சொன்னால், வடிவம் மட்டும் ஏன் போதாது என்பது பிள்ளைகளுக்குத் தானே புரியும்.

நிலநடுக்க அலைகளுக்கு மாணவரே போதும். தோளோடு தோள் சேர்த்து வரிசையாக நிற்கும்போது ஓரத்தில் உள்ளவரை மெல்லத் தள்ளினால் அசைவு மறுமுனை வரை செல்லும். இது முதன்மை அலை. கை கோத்து நின்று ஒருவர் முன்னும் பின்னும் அசைந்தால் அடுத்தவரும் அசைவர். இது இரண்டாம் அலை. கைகளை விட்டுவிட்டால் இரண்டாவது அசைவு பரவாது. நீர்மத்தின் துகள்கள் ஒன்றையொன்று இறுகப் பற்றியிருப்பதில்லை. ஆகவே வெளிக்கருவத்தை இரண்டாம் அலை கடப்பதில்லை.

அளவுகளைக் கணக்கிடுவதும் பிழைகளைத் திருத்தும். பூமியின் அமைப்பை விளக்க அவித்த முட்டை பயன்படுத்தப்படுகிறது. முட்டை ஓடு தன் அளவுக்குக் கண்ட மேலோட்டைவிடத் தடிமனானது. 30 செ.மீ குறுக்களவுள்ள உலக உருண்டையில், 35 கி.மீ தடிமனுள்ள கண்ட மேலோடு 1 மில்லிமீட்டருக்கும் குறைவு. கோலா துளை சுமார் 0.3 மில்லிமீட்டர். பாடநூல் படங்களில் மேலோடு தடித்த பட்டையாக வரையப்படுவது வசதிக்காகவே என்பதை மாணவர் இதனால் அறிவர்.

காலத்தையும் இவ்வாறே கணக்கிடலாம். தென் அட்லாண்டிக் ஆண்டுக்கு ஏறத்தாழ 4 செ.மீ விரிகிறது என்று கொண்டால், பிரிவு தொடங்கிய சுமார் 13 கோடி ஆண்டுகளில் 5,200 கி.மீ ஆகும். தென் பிரேசிலுக்கும் ஆப்பிரிக்காவின் தென்மேற்குக் கரைக்கும் இடைப்பட்ட தொலைவுக்கு இது நெருக்கமானது. விரல் நகம் வளரும் வேகத்தை ஒத்த நகர்வு ஒரு பெருங்கடலை உண்டாக்கும் என்பதைப் பெருக்கல் கணக்கு ஒன்றே காட்டிவிடும். வெகெனர் தம் காலத்தில் அளக்க முயன்று தவறிய இந்நகர்வு, இன்று செயற்கைக்கோள் வழியே நேரடியாக அளக்கப்படுகிறது. இந்தியா ஆண்டுக்குச் சுமார் 5 செ.மீ வடகிழக்காக நகர்கிறது.

கண்டப் பெயர்ச்சியின் வரலாறு, சரியான விடையைக் கண்டவரை அறியாதவர்கள் எதிர்த்த கதை அன்று. வெகெனர் சான்றுகளில் சரியாகவும் விசையில் தவறாகவும் இருந்தார். ஜெஃப்ரீஸ் கணக்கில் சரியாகவும் முடிவில் தவறாகவும் இருந்தார். லெமூரியாவைக் கற்பித்த ஸ்கிளேட்டர் கேட்ட கேள்வி சரியானது, விடைதான் வேறு. இவற்றை விடுத்து முடிவை மட்டும் கற்கும் மாணவருக்கு, நகரும் கண்டமும் மூழ்கிய கண்டமும் மனப்பாடம் செய்ய வேண்டிய இரு செய்திகளாகவே நிற்கும். இரண்டில் எது ஏன் நிலைத்தது என்று சொல்லத் தெரிந்த மாணவரே இப்பாடத்தைக் கற்றவர்.